இரட்டை 8 மி.மீ. படச்சுருளைக் கொழும்பு வெக்கையில் வீட்டிலேயே கழுவலாமா?

காலிவீதி_8 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பவை: ஸ்பிரிங் முறுக்கி ஓட்டுகிற இரட்டை 8 கமரா ஒன்று (16 மி.மீ. சுருளில் ஒரு பாதி ஓட்டி, புரட்டிப் போட்டு மறு பாதி ஓட்டி, கழுவின பிறகு நடுவில் வெட்டுகிற வகை; 12.5 மி.மீ. லென்ஸ், எஃப்1.9 முதல் எஃப்16 வரை, செக்கனுக்கு 16 பிரேம் மட்டும்), ஃபோமாபான் ஆர் 100 கறுப்பு வெள்ளைச் சுருள் இரண்டு, 8 மி.மீ. புரொஜெக்டர் ஒன்று, 50 அடிப் பழைய றீல்கள் 12. சுப்பர் 8 அல்ல, அதற்கு முந்திய 8. றீல்களில் மூன்றைத் திறந்தால் வினாகிரி மணக்குது.

கேட்க வேண்டியவை நாலு. காலி முகத்திடல் மாதிரி வெயிலில் ஐஎஸ்ஓ 100 சுருளை இந்தக் கமராவில் எப்படி ஓட்டுவது? எஃப்16க்கு மேல் மூட இடமில்லை. இரண்டாவது, எல்லாக் குறிப்பிலும் 20 பாகை என்று போட்டிருக்கு, எங்கள் குழாய்த் தண்ணி 29. அப்படியே கழுவினால் என்ன நடக்கும்? மூன்றாவது, ரிவர்சல் (நெகட்டிவ் இல்லாமல் சுருளிலேயே நேர்ப்படம் வரக் கழுவுவது) தலையிடியாக இருந்தால் சாதாரண நெகட்டிவாகக் கழுவி ஸ்கான் பண்ணிவிடலாமா? கடைசியாக, பழைய றீல்களை அந்த புரொஜெக்டரில் போடலாமா?

பெட்டிக்குள் கழுவாத கொடாக்குரோம் (கொடாக்கின் பழைய கலர்ச் சுருள்) ஒன்றும் கிடக்குது. அதுக்கு ஏதும் வழி இருந்தால் சொல்லுங்கோ.

பல்சக்கரம்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் வாறன், கெமிக்கல் பகுதிக்கு இருட்டறை அண்ணா வருவார்.

16 பிரேம் வேகத்தில் இந்த வகைக் கமராக்களின் ஷட்டர் கிட்டத்தட்ட 1/35 செக்கன். ஐஎஸ்ஓ 100க்கு நல்ல வெயிலில் 1/100, எஃப்16 எண்டது பழைய கணக்கு. 1/35 எண்டால் ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) கூடுதல் வெளிச்சம், அதாவது எஃப்27 தேவை. கமராவில் அது இல்லை. இந்தக் கமராக்கள் வந்த காலத்தில் கலர்ச் சுருளின் வேகம் 10, பிறகு 1961இல் கொடாக்குரோம் 2 வந்தபோது 25. அதுக்கு அளந்து செய்த சாமானில் 100ஐப் போட்டால் இப்படித்தான் வரும்.

என்டி ஃபில்ற்றர் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற சாம்பல் ஃபில்ற்றர்) போடுங்கோ. என்டி4 போட்டால் இரண்டு ஸ்டொப் குறையும், 100 சுருள் 25 சுருளாகிவிடும். கமராவின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற பழைய வெளிச்ச அட்டவணையை அப்படியே பாவிக்கலாம், தலையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. ஆனால் நண்பகலுக்கு என்டி8தான் என் தெரிவு. காரணம், 12.5 மி.மீ. லென்ஸை எஃப்16க்கு மூடினால் ஒளிச்சிதறலால் ஒரு புள்ளி 20 மைக்ரோனுக்கு மேல் பரவும். பிரேமின் அகலமே 5 மி.மீ. இல்லை, திரையில் மொத்தப் படமும் பஞ்சு மாதிரித் தெரியும். என்டி8 போட்டால் எஃப்8க்கும் 11க்கும் நடுவில் நிற்கலாம், படம் கூராக வரும். கடலும் மணலும் பிரேமில் நிறைய வந்தால் இன்னும் ஒரு ஸ்டொப் மூடுங்கோ. ரிவர்சலில் அரை ஸ்டொப் பிழைத்தாலே கண்ணுக்குத் தெரியும். லென்ஸ் வாய் சின்னது, அளவான ஃபில்ற்றர் கிடைக்காவிட்டால் என்டி ஜெலற்றின் தாளை வட்டமாக வெட்டி லென்ஸ் மூடிக்குள் பதியுங்கோ. தாளில் விரல் பட்டால் அடையாளம் போகாது, இடுக்கியால் பிடிக்க வேணும்.

சுருளைப் போட முதல் வேகத்தைச் சோதியுங்கோ. இரட்டை 8இல் ஒரு அடிக்கு 80 பிரேம், 16 பிரேமில் சரியாக 5 செக்கன். வீணான சுருள் ஒன்றில் 5 அடிக்கு ஒரு கோடு போட்டு ஓட விட்டால் 25 செக்கனில் கோடு வந்து சேர வேணும். 30 ஆகுது எண்டால் உள்ளே கிரீஸ் இறுகிப் போச்சு, எண்ணெய் விட்டு ஏமாற்றாமல் கழற்றித் துடைக்கத்தான் வேணும். ஊற்றின எண்ணெய் ஷட்டர் தகட்டுக்குப் போய் அங்கேயிருந்து படத்துக்கு வரும். பாவித்து முடிந்ததும் ஸ்பிரிங்கை முழுக்க இறக்கி வையுங்கோ.

சுருள் மொத்தம் 10 மீற்றர். நடுவில் 25 அடிதான் படம், இரண்டு பக்கமும் 1.2 மீற்றர் அளவில் வெளிச்சம் படுகிற வால். முதல் பாதி முடிந்து சக்கரத்தைப் புரட்டிப் போடும்போது வெயிலில் நிற்காதேங்கோ, மேசைக்குக் கீழே எண்டாலும் பரவாயில்லை. சக்கரத்தின் ஒரு முகத்தில் 3 வெட்டு, மறு முகத்தில் 4 வெட்டு இருக்கும், பிழையாகப் போட விடாது. ஆனால் இரண்டு பாதியும் முடிந்த சுருளைத் திருப்பி மூன்றாம் முறை ஓட்டுவதை எந்த வெட்டும் தடுக்காது. முடிந்த கையோடு டப்பாவில் ரேப் ஒட்டி எழுதுங்கோ.

இருட்டறை:

மூன்றாம் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் பதில் 'முடியாது'. ஃபோமாபான் ஆர் 100இல் படலத்துக்கும் (படம் பதியும் ஜெலற்றின் பூச்சு) அடித்தாளுக்கும் நடுவில் நுண்ணிய வெள்ளித் துகளாலான தடுப்புப் படை உண்டு. அது பிளீச்சில் (வெள்ளியைக் கரைக்கும் கரைசல்) மட்டும்தான் போகும். நெகட்டிவாகக் கழுவினால் பிளீச் கட்டமே இல்லை, முழுச் சுருளும் கருமையாக நிற்கும், ஸ்கானர் அதற்குள்ளால் பார்க்க முடியாது. கொடாக்கின் ட்ரை-எக்ஸ் மாதிரிச் சுருள்களை நெகட்டிவாகக் கழுவுகிறார்கள், அது வேறு கதை. இந்தச் சுருளுக்கு ரிவர்சல்தான்: முதல் டெவலப்பரில் வந்த வெள்ளியைப் பிளீச்சில் கரைத்து, மிச்ச வெள்ளி உப்புக்கு வெளிச்சம் காட்டி, இரண்டாவது டெவலப்பரில் அதைக் கறுக்க வைப்பது.

இனி வெப்பம். 29 பாகையில் முதல் டெவலப்பர் வேகமாக ஓடும் என்பது சின்னப் பிரச்சினை, நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பெரிய பிரச்சினை ஜெலற்றின். பரமங்கனேற்று பிளீச் ஜெலற்றினை இளக்கும். 20இல் தாங்கும் படலம் 28இல் துளைகளின் ஓரத்தில் சுருங்கிக் கிளம்பும், மோசமானால் தோல் உரிகிற மாதிரிக் கழன்று வரும். அநேகமானோர் பிழை விடுவது டெவலப்பரில் அல்ல, இடையில் வருகிற அலசலில். ஐஸ் வைத்து 20இல் டெவலப் பண்ணிவிட்டு நேரே குழாயைத் திறந்துவிடுவார்கள். 9 பாகைப் பாய்ச்சலில் படலம் வலைபோல் வெடிக்கும். ஆகவே எல்லாக் கரைசலும் எல்லா அலசலும் ஒரே வெப்பத்தில், ஒரு பாகைக்குள் நிற்க வேண்டும்.

பிரிட்ஜில் 5 பாகையில் இருக்கும் தண்ணீர் 375 மில்லியும் குழாய்த் தண்ணீர் 625 மில்லியும் கலந்தால் ஒரு லீற்றர் 20 பாகைத் தண்ணீர். அலசலுக்கு 10 முதல் 12 லீற்றர் வேண்டும், அதனால் முதல் நாளே 5 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைப் போத்தல்களில் வையுங்கள். படம் கழுவும் தொட்டியை நிறுத்தும் பேசினுக்கு ஐஸ் போடுவதானால் 10 லீற்றரை 29இலிருந்து 20க்கு இறக்க ஏறத்தாழ 900 கிராம் ஐஸ் பிடிக்கும். பிறகு வெக்கை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும், கைப்பிடியளவு ஐஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் டெவலப்பருக்குக் கொடாக்கின் டி-67 கலவை போதும், டி-19இல் தயோசயனேற்று சேர்த்ததுதான் அது. ஒரு லீற்றருக்கு: மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைற்று 90, ஐதரோகுயினோன் 8, நீரற்ற சோடியம் காபனேற்று 45, பொற்றாசியம் புரோமைட்டு 5, சோடியம் தயோசயனேற்று 2. 50 பாகைத் தண்ணீர் 750 மில்லியில் சல்பைற்று ஒரு சிட்டிகை, பிறகு மெற்றோல், அது கரைந்த பின் மீதி சல்பைற்று, பிறகு மற்றவை இதே வரிசையில். சல்பைற்றை முழுக்க முதலில் போட்டால் மெற்றோல் கரைய மறுக்கும். கையுறை கட்டாயம், மெற்றோல் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும். காபனேற்றுக்குச் சலவைச் சோடாப் பளிங்கு வாங்கினால் 45 அல்ல, 121 கிராம் போட வேண்டும். பளிங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். இதைக் கவனிக்காமல் 45 போட்டுவிட்டுப் படம் இருட்டாக வருகிறது என்று கமராவைத் திட்டுவார்கள்.

இரண்டாவது டெவலப்பருக்கு இதே கரைசலைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். தயோசயனேற்று வெள்ளி உப்பைக் கரைக்கும், கறுப்பு மெலியும். அதே பட்டியலைத் தயோசயனேற்று இல்லாமல் இன்னொரு லீற்றர் கலக்குங்கள்.

பிளீச்: காய்ச்சி வடித்த நீரில் பொற்றாசியம் பரமங்கனேற்று 2 கிராம் 500 மில்லியில், செறிந்த சல்பூரிக்கமிலம் 10 மில்லி இன்னொரு 500 மில்லியில். இரண்டையும் தனித்தனியே வைத்து, ஊற்றுவதற்குச் சற்று முன் கலக்க வேண்டும், கலந்தது நிற்காது. வடித்த நீர் ஏன் என்றால், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைட்டு கரைந்த வெள்ளியைத் திரும்பவும் உப்பாக்கிப் படத்திலேயே படிய வைக்கும். அது இரண்டாவது டெவலப்பரில் கறுத்து, வெள்ளை இடமெல்லாம் சாம்பல் பூசிவிடும். பெற்றோல் நிலையத்தில் பற்றரிக்கு விற்கும் வடித்த நீர் போதும். பரமங்கனேற்றைக் கண்ணாடிப் பஞ்சில் வடியுங்கள், கரையாத பளிங்கு ஒன்று ஒட்டினால் அந்த இடத்தில் பழுப்புக் கறை.

வரிசை, எல்லாம் 20 பாகையில்: முதல் டெவலப்பர் 12 நிமிடத்தில் தொடங்கிச் சோதனைத் துண்டு பார்த்துத் திருத்துங்கள். அலசல் 5 நிமிடம், மூன்று நாலு தண்ணீர் மாற்றி. பிளீச் 5 நிமிடம், இதற்குப் பிறகு விளக்கைப் போடலாம். அலசல் 2. சோடியம் மெற்றாபைசல்பைற்று லீற்றருக்கு 25 கிராம் கரைசலில் 2 நிமிடம், பழுப்பு முழுக்கப் போய்ப் படம் பாற்கட்டி நிறத்துக்கு வரும். அலசல் 3. இரண்டாம் வெளிச்சம்: 100 வாற் பல்புக்குச் சமமான எல்ஈடியை ஒரு அடி தூரத்தில் பிடித்துச் சுருளின் இரண்டு முகத்துக்கும் இரண்டிரண்டு நிமிடம். இரண்டாவது டெவலப்பர் 5. அலசல். ஃபிக்சர் (மிஞ்சிய வெள்ளி உப்பை அகற்றும் கரைசல்) 5. கடைசி அலசல் 15 நிமிடம். வெற்றிங் ஏஜென்ற் (நீர்த்துளிக் கறை விடாமல் தண்ணீரை வழியச் செய்யும் திரவம்) போட்ட வடித்த நீரில் ஒரு நிமிடம்.

ஃபிக்சரைக் கொடாக்கின் எஃப்-5 கலவை மாதிரிப் படிகாரம் சேர்ந்ததாகப் போடுங்கள்: லீற்றருக்குத் தயோசல்பேற்றுப் பளிங்கு 240 கிராம், சல்பைற்று 15, 28 வீத அசற்றிக்கமிலம் 48 மில்லி, போரிக்கமிலம் 7.5, பொற்றாசியப் படிகாரம் 15. பிளீச்சுக்கு இது உதவாது, அதற்குள் பிந்திவிடும். உலரும்போது படலம் தாங்க உதவும், எங்கள் ஈரக்காற்றில் அது சின்ன விசயமில்லை.

முதல் டெவலப்பர் தலைகீழாக வேலை செய்யும் என்பதை மனதில் வையுங்கள். நேரம் குறைந்தால் படம் இருளும், கூடினால் கறுப்பு வெளிறும்.

கொடாக்குரோம்: கடைசி ஆய்வுகூடம், கன்சாஸ் மாநிலத்து டுவேன்ஸ், 2010 டிசம்பர் 30 உடன் சுருள் ஏற்பதை நிறுத்தியது. கலர் சாயம் கழுவும் கரைசலில் இருந்துதான் வரும், சுருளில் இல்லை, அதனால் இனிக் கலர் வராது. கறுப்பு வெள்ளையாக மட்டும் கழுவலாம், பின்புறத்துக் கரிப்பூச்சையும் துடைத்தெடுக்க வேண்டும். முதல் சுருளைக் கழுவிப் பழகாதவர் அதில் கை வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பையில் பிரிட்ஜில் போட்டு வையுங்கள்.

ஈரப்பதம்80:

இருட்டறை சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. 20ஐப் பிடிக்க ஐஸோடு மல்லுக்கட்டுவதை விட ஏசி அறையை 24இல் விட்டு, எல்லாக் கரைசலையும் 15 லீற்றர் தண்ணீரையும் முதல் நாள் இரவே அந்த அறைக்குள் வைத்துவிடுவது நல்லது. காலையில் எல்லாம் தானாக ஒரே வெப்பத்துக்கு வந்திருக்கும். முதல் டெவலப்பர் நேரம் 20இல் இருந்ததில் சுமார் 70 வீதம், 12 என்றால் எட்டரையில் சோதியுங்கள். பிளீச்சில் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், தொட்டியை வேகமாகக் குலுக்கவும் வேண்டாம். 24 தான் எல்லை, 26இல் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சுருளைத் தொட்டியின் சட்டத்தில் ஏற்றும்போது மாற்றுப் பைக்குள் (கறுப்புப் பை) கை விட்டால் ஐந்து நிமிடத்தில் உள்ளே வேர்வை மழை. படலம் சட்டத்தோடு ஒட்டிப் பாதியில் நிற்கும். இரவில் குளியலறையை முழு இருட்டாக்கி, முதல் ஏசியால் உலர்த்திவிட்டு அங்கே ஏற்றுங்கள். சுருள் சட்டம் எலும்பு மாதிரி உலர்ந்திருக்க வேண்டும். தொட்டிக்கு ரஷ்ய லோமோ சுருள் தொட்டிதான் இன்னும் சுலபம், சட்டம் ஒளி புகும் பிளாஸ்ரிக், இரண்டாம் வெளிச்சத்துக்குப் படத்தைக் கழற்றத் தேவையில்லை. எவ்வளவு கரைசல் பிடிக்கும் என்று வெறும் தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டுக் கலக்குங்கள். வாளிக்குள் படத்தைக் குவித்துக் கிளறும் முறையும் இருக்கு, கோடும் கறையும் விரும்புகிறவர்களுக்கு.

உலர்த்தல்: ஏசியை 'டிரை'யில் விட்டு, மரச்சட்டத்தில் படலப் பக்கம் வெளியே பார்க்கச் சுற்றி, ஒரு இரவு. மின்விசிறி போடாதீர்கள், காலிவீதிப் பக்கத்து வீடுகளில் காற்றோடு உப்பும் தூசும் வரும், ஈரப் படலத்தில் ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது.

சுருளை பிரிட்ஜில் வைத்தால் எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள். மூடியபடி மூன்று நாலு மணி நேரம் வெளியே. இல்லாவிட்டால் கொழும்புக் காற்று அதன் மேல் பனியாகப் படியும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்தால் கைப்பையில், லக்கேஜில் அல்ல. பழைய எக்ஸ்ரேயில் ஒருமுறை போனால் ஐஎஸ்ஓ 100 தாங்கும், சீற்றி (CT) ஸ்கானரில் தாங்காது, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காலிவீதி_8:

நன்றி அண்ணாமார். எனக்கு ஏசி வழிதான் சரிவரும். ஒரு சந்தேகம், செறிந்த சல்பூரிக்கமிலம் எங்கே தேடுவது? பற்றரி அசிட் பாவிக்கலாமா? குளியலறை கழுவுகிற அசிட் வீட்டில் இருக்கு, அது சரிவருமா?

இருட்டறை:

குளியலறை அசிட் வேண்டவே வேண்டாம். அது ஐதரோகுளோரிக்கமிலம், பரமங்கனேற்றோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் உயிராபத்து.

பற்றரி அசிட் தாராளமாகப் போதும். புதிய பற்றரிக்கு ஊற்றும் அமிலம் 36 வீதம் அளவில், அதில் 40 மில்லி எடுத்தால் செறிந்த அமிலம் 10 மில்லிக்குச் சமம். பழைய பற்றரியில் இருந்து எடுக்காதீர்கள், ஈயமும் அழுக்கும் இருக்கும். அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், மாறி அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல். டைக்குரோமேற்று பிளீச் போட்டால் படலம் இளகாது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது புற்றுநோய் தரும் நஞ்சு, வீட்டுச் சிங்கில் ஊற்றும் சாமான் அல்ல.

ஏசி அறையில் செய்வதால் இன்னொன்று: மெற்றாபைசல்பைற்று அமிலத்தோடு சேரும்போது மூச்சடைக்கும் வாயு வரும். பிளீச்சுக்குப் பின்னான அலசலைக் குறைக்காதீர்கள், அந்தக் கட்டத்தில் ஜன்னலைத் திறந்து விடுங்கள், ஒரு பாகை ஏறினால் ஏறட்டும். முடிந்த பிளீச்சை நிறம் போகும் வரை மெற்றாபைசல்பைற்று விட்டு, பிறகு நுரை நிற்கும் வரை அப்பச்சோடா போட்டு, நிறையத் தண்ணீரோடு வெளியேற்றுங்கள். கிணறு உள்ள வளவில் மண்ணில் ஊற்றக்கூடாது. ஃபிக்சரில் வெள்ளி இருக்கும், அதைத் தனிக் கானில் சேர்த்து வையுங்கள்.

பல்சக்கரம்:

பழைய றீல் கேள்வியை எல்லாரும் மறந்திட்டீங்கள்.

ஓட்ட முதல் சுருங்கியிருக்கா எண்டு அளவுகோலால் பாருங்கோ. பழைய 8இல் துளைக்குத் துளை 3.81 மி.மீ. நூறு இடைவெளி சரியாக 381 மி.மீ. வர வேணும். ஒரு துளையின் மேல் விளிம்பில் பூச்சியம் வைத்து, நூற்றியோராவது துளையின் மேல் விளிம்பைப் பாருங்கோ. 379 எண்டால் கவனமாக ஓட்டலாம். 377 எண்டால் ஒரு வீதம் சுருக்கம், புரொஜெக்டர் நகம் (படத்தைத் துளையில் பிடித்து இழுக்கிற கொக்கி) துளையைக் கிழிக்கும், போடாதேங்கோ. அதைப் பல்லில்லாத ஸ்கானரில்தான் எடுக்கலாம். (சுப்பர் 8க்கு இதே கணக்கு 423 மி.மீ.)

வினாகிரி மணக்கிற மூன்றையும் இண்டைக்கே மற்றதில் இருந்து பிரியுங்கோ. அசற்றேற்று அடித்தாள் சிதையும்போது வருகிற அமிலமே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்து றீலுக்கும் தொற்றும். 21 பாகை, 50 வீத ஈரப்பதத்தில் வைத்த புதுப் படத்துக்கே இந்த நோய் தொடங்க 40 வருசம் அளவில் எண்டு கணக்கிட்டிருக்கினம். எங்கள் அலமாரி 30 பாகை, 80 வீதம். மணக்கிற மூன்றையும் முதலில் ஸ்கான் பண்ணுங்கோ, அழகு பார்க்கிறது பிறகு.

பூஞ்சணத்துக்கு 99 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல், பழைய பருத்தி வேட்டித் துணி. பாமசியில் விற்கிற 70 வீதம் வேண்டாம், மிச்சம் 30 வீதம் தண்ணி. பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணியில் கரையும், துணியோடு படமும் வரும். ஒரு அடி துடைத்தால் துணியின் புது இடத்துக்கு மாறுங்கோ. நல்ல றீல்களைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு 40 முதல் 45 வீதத்தில் வைக்கலாம். உள்ளே சின்ன ஈரப்பதமானி ஒன்று போடுங்கோ, ஊகிக்கக்கூடாது. நிறம் மாறின ஜெல்லை 120 பாகை அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்பப் பாவிக்கலாம்.

புரொஜெக்டரில் வோல்ற் தெரிவு இருந்தால் 220இல் விடாமல் 240க்கு மாற்றுங்கோ, எங்கள் லைன் 230, பல்ப் ஆயுள் கூடும். அமெரிக்க 110 வோல்ற் மெசின் எண்டால் டிரான்ஸ்போமர் மட்டும் போதாது. அதன் மோட்டர் 60 ஹேர்ட்ஸுக்குச் சுற்றின இண்டக்‌ஷன் மோட்டராக இருந்தால் இங்கே 50இல் ஆறில் ஐந்து வேகத்தில்தான் ஓடும். கப்பி மாற்றாமல் சரிவராது. றப்பர் பெல்ற் தாராக உருகியிருந்தால் அற்ககோலால் கப்பியை முழுக்கத் துடைத்துவிட்டு, நூல் சுற்றிப் பாதை நீளத்தை அளந்து அதை விட 5 முதல் 8 வீதம் குறைந்த பெல்ற் வாங்குங்கோ. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கசெற் பெல்ற் கேட்டுப் பாருங்கோ, சின்னச் சுற்றுகளுக்குப் பொருந்தும். பெரிய சுற்றுக்கு வட்டப் பொலியூரதேன் கயிறு, சூடான கத்தியால் இரண்டு முனையையும் உருக்கி ஒட்டுறது. படம் போடாமல் பத்து நிமிடம் ஓட்டி, மோட்டர் கப்பாசிற்றர் மணக்குதா எண்டு பார்த்த பிறகு வாலை நுழையுங்கோ. 12 வோல்ற் 100 வாற் ஹலோஜன் மெசின் எண்டால் பல்ப் குறியீடு ஈஎஃப்பி, இப்பவும் கிடைக்கும். எல்ஈடிக்கு மாற்றினால் அலையில்லாத டிசி கொடுங்கோ. சும்மா டிரைவர் போட்டால் ஷட்டரோடு மோதித் திரை மின்னும்.

நடுவெட்டு (சுருளை நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கிறது): கழுவின சுருளை ஒரு நாள் முழுக்கக் காய விட்ட பிறகுதான். ஈரம் இருந்தால் பிளேட் வெட்டாது, இழுக்கும். 16 மி.மீ. சுருளின் உண்மையான அகலம் 15.95, ஒரு பாதி 7.97 வர வேணும். முதலில் வாலை வெட்டி வேர்னியரில் இரண்டு பாதியையும் அளவுங்கோ. ஒன்று 7.9, மற்றது 8.05 எண்டால் அகலப் பாதி புரொஜெக்டர் வாசலில் இறுகும், ஒடுங்கினது பக்கவாட்டில் ஆடும். முதல் பாதியின் முடிவோடு இரண்டாம் பாதியின் தொடக்கத்தை ரேப்பால் ஒட்டினால் 50 அடி றீல், 16 பிரேமில் 4 நிமிடம் 10 செக்கன்.

காலிவீதி_8:

வாலில் இருந்து 30 செ.மீ. துண்டு வெட்டி 24 பாகையில் சோதித்தேன். பாதியை வெளிச்சத்தில் காட்டினது, பாதி இருட்டிலேயே. இருட்டுப் பாதி நல்ல கறுப்பு. வெளிச்சம் காட்டின பாதி கண்ணாடி மாதிரி வர வேணும்தானே? மெல்லிய பழுப்பாக நிக்குது. அதில் வட்டமான கறுப்புப் புள்ளிகளும் ஏழெட்டு.

இருட்டறை:

துண்டைத் திரும்ப மெற்றாபைசல்பைற்றில் மூன்று நிமிடம் போடுங்கள். பழுப்புப் போனால் அது மங்கனீசுக் கறை, தெளிய வைக்கும் கரைசல் பழசு அல்லது நேரம் போதவில்லை. போகாவிட்டால் நான் முதலில் சொன்ன வெள்ளித் தடுப்புப் படை, பிளீச் பலவீனம். இரண்டு பகுதியையும் கலந்து எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்? அரை மணி நேரம் வைத்திருந்தால் காரணம் அதுதான். முடிந்த படத்தைத் திரும்பப் பிளீச்சில் போட வேண்டாம், இப்போது படமே வெள்ளிதான், அதுவும் போய்விடும்.

வட்டப் புள்ளி காற்றுக் குமிழி. குமிழி ஒட்டின இடத்தில் முதல் டெவலப்பர் படவில்லை, ஆகவே அங்கே கறுப்பு மிஞ்சியது. டெவலப்பரை ஊற்றியதும் தொட்டியை மேசையில் மூன்று தரம் தட்டி, முதல் 30 செக்கன் விடாமல் சுற்றுங்கள், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை.

துளை ஓரத்தை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தீர்களா? அங்கே சுருக்கம் இல்லையென்றால் 24 உங்களுக்குச் சரி.

காலிவீதி_8:

ஓரம் சுத்தம், சுருக்கம் இல்லை. மெற்றாபைசல்பைற்றில் போட்டும் பழுப்புப் போகவில்லை. பிளீச்சைக் கலந்துவிட்டுத்தான் டெவலப்பரைத் தொடங்கினேன், அப்போ இருபது நிமிடம் சும்மா நின்றிருக்கும். அடுத்த துண்டுக்கு அலசல் நடக்கும்போது கலக்கிறேன்.

ஈரப்பதம்80:

அலசலின் கடைசித் தண்ணீரை ஊற்றும்போது கலந்தால் போதும். பரமங்கனேற்றுப் பகுதிக்குள் அமிலப் பகுதியை ஊற்றிக் கண்ணாடிக் கோலால் பத்துச் சுற்று, உடனே தொட்டிக்குள். மரக் கரண்டி வேண்டாம், பரமங்கனேற்று மரத்தோடேயே வேலை செய்து பலம் குறையும்.